நாண் சொல்லப்படாத வில்: புறநானூறு 324ஆம் பாடலில் கைவினையறிவும் கவிதையும்

முன்னுரை

சங்க இலக்கியத்தில் வில் பயின்றுவரும் அளவிற்கு வில்லைச் செய்யும் தொழில் பற்றிய சிந்தனை நம் ஆய்வுகளில் பயின்றுவரவில்லை. வில் குறித்து எழுதப்படுவன பெரும்பாலும் இருவகையில் அடங்கும். வாள், வேல் முதலியவற்றோடு சேர்த்துப் போர்க்கருவிகளின் பட்டியலில் வில்லுக்கு ஓரிடம் தருவது ஒருவகை. சேரரின் பொறி என்றும், வீரத்தின் குறியீடு என்றும் விளக்குவது மற்றொரு வகை. இவ்விரு நோக்கிலும் வில் செய்து முடிக்கப்பட்ட ஒரு பொருளாகவே நம்முன் வந்து நிற்கிறது. அதனைச் செய்த கை எது, எம்மரத்தில் செய்தது, எந்நாரைத் திரித்து நாணாக்கியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இக்கட்டுரை எழுதுவதற்கு ஒரு வகுப்பறை நிகழ்வே காரணமாயிற்று. கேரளத்தில் தமிழ் பயிற்றுவிக்கும் நான், முதுகலை மாணவர்க்குப் புறநானூற்றின் 324ஆம் பாடலை நடத்தியபோது, அதன் முற்பகுதியில் வரும் வேட்டுவச் சிறாரின் வில்லை "சிறுவர் விளையாட்டு" என்று ஒரே தொடரில் கடந்து, பாட்டுடைத் தலைவனின் பண்புகளுக்குச் சென்றுவிட்டேன். மலைப்பகுதியிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அம்பு எதனால் ஆனது என்று புலவர் சொல்கிறார், வில் எதனால் ஆனது என்றும் சொல்கிறார். நாண் எதனால் ஆனது என்று சொல்லவில்லையே?" என்று கேட்டார். அவருடைய பாட்டனார் வில் செய்யத் தெரிந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்று என்னிடம் விடையில்லை. விற்கருவிகளைப் பற்றியும் ஓர் இயலை உள்ளடக்கிய முனைவர்பட்ட ஆய்வேட்டை முடித்திருந்தும் அவ்வினா எனக்குத் தோன்றியதில்லை. வில் செய்யும் முறையை அறிந்து படிக்கும்போது இப்பாடல் எவ்வாறு வேறுபட்டுப் பொருள்படுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புறக்காழும் அகக்காழும்

ஒரு கோலை வளைக்கும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் அமுக்கப்படும். வில்லில் வெளிப்பக்கம் என்பது இலக்கை நோக்கியது. உட்பக்கம் என்பது எய்பவரை நோக்கியது. இழுபடும் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் நார் ஓரிடத்தில் அறுபட்டாலும் அங்கே சிம்பு கிளம்பி வில் முறியும். ஆதலால் இலக்கை நோக்கிய முகத்தில் கத்தி படலாகாது என்பது வில்தொழிலின் முதல் விதி. செதுக்குவதெல்லாம் எய்பவரை நோக்கிய பக்கத்திலேயே நிகழும். ஈரம் உலராத கோலில் செய்த வில் நாணைக் கழற்றிய பின்னும் நிமிராமல் வளைந்தே கிடக்கும்; எனவே உலர்த்துவதற்குக் காலம் தரவேண்டும். பின்னர் இருகைகளும் ஒருசீராக வளைகின்றனவா எனப் பலமுறை வளைத்துப் பார்த்து, வளையாது விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்டவேண்டும். மிகையாகச் சுரண்டிவிட்டால் மீட்க வழியில்லை. வில் செய்தல் என்பது பெரும்பாலும் எங்கே நிறுத்துவது என்னும் அறிவே எனலாம்.

இவ்வறிவோடு தொல்காப்பிய மரபியலை அணுகினால் ஒரு புதிய வெளிச்சம் கிடைக்கிறது. வயிரம் வெளிப்புறத்தில் அமைந்தவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் அமைந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுக்கிறார். பனை, தெங்கு, கமுகு, மூங்கில் ஆகியன புறக்காழ் உடையன என்பது உரைமரபு. இப்பகுப்பைத் தாவரவியல் அறிவுக்குச் சான்றாகக் காட்டுவது நம் ஆய்வுலகில் வழக்கம். தாவரத்தைப் பார்ப்பவருக்கு இலையும் பூவும் முதலில் தெரியும். காழ் இருக்குமிடம் அதனை வெட்டிப் பிளப்பவருக்கே தெரியும். ஆகவே இப்பகுப்பு கருவி பிடித்த கைகளின் அறிவிலிருந்து இலக்கணத்திற்கு வந்திருத்தல் கூடும் என்று கருத இடமுண்டு.

வில்தொழிலில் இவ்வேறுபாடு நேரடிப் பயன் உடையது. மூங்கிலில் நார் மிகச் செறிந்திருப்பது தோலை ஒட்டிய பகுதியிலாகும். அத்தோல் இழுவிசையை நன்கு தாங்கும். எனவே மூங்கிலைப் பிளந்து வில் செய்பவர் தோலைக் காத்து உட்பகுதியைச் செதுக்கலாம். பனையிலும் உறுதியான கருநார் வெளிவட்டத்தில்தான் உள்ளது. அகக்காழ் உடைய மரத்திலோ வெளியிலிருப்பது வெளிறு, உள்ளிருப்பது வயிரம். வெளிறும் வயிரமும் சேர்ந்த கோல் கிடைத்தால் இழுபடும் பக்கத்தில் வெளிறும் அமுக்கப்படும் பக்கத்தில் வயிரமும் அமையச் செய்வது மரவில்லின் நுட்பங்களுள் ஒன்று. இளங்கோலாயின் பட்டையை உரித்து, அதனடியிலுள்ள இயற்கையான மேற்பரப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம். காழ் எங்கே உள்ளது என்று அறியாதவர் வில் செய்ய இயலாது.

2. மூலப்பொருளின் பெயரே வில்லின் பெயர்

நிகண்டுகள் வில்லுக்குப் பல பெயர்களை ஒருங்கே அடுக்குகின்றன. இதன் பயனாகச் சிலை, சாபம், தனு, கார்முகம், கோதண்டம் ஆகிய யாவும் ஒருபொருட் பன்மொழியாகவே நமக்குப் பழகிவிட்டன. ஆனால் சிலை என்னும் சொல்லுக்கு வில் என்னும் பொருளோடு ஒருவகை மரம் என்னும் பொருளும் உண்டு. அம்மரத்தால் செய்யப்பட்டமையின் வில் அப்பெயர் பெற்றது என்பது உரையாசிரியர்தம் விளக்கம். மரத்தின் பெயரே கருவிக்கு ஆகிவந்துள்ளது.

வடமொழியிலும் இத்தகைய தொடர்பைக் காண முடிகிறது. மலையாளத்தில் சடச்சி எனப்படும் மரம் வடமொழியில் தன்வனம் எனப்படுகிறது. இதன் கட்டை வளைந்து நிமிரும் இயல்பினது. கருவிகளின் காம்புகளுக்கும் விற்களுக்கும் பயன்பட்டது. தன்வனம் என்னும் மரப்பெயரும் தனுசு என்னும் விற்பெயரும் நெருங்கி ஒலிப்பது நோக்கத்தக்கது.

1905ஆம் ஆண்டில் சாம சாஸ்திரியால் கண்டறியப்பட்டு 1909இல் மைசூரில் பதிப்பிக்கப்பட்ட கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இவ்வகையில் மிக முதன்மையான சான்றாகும். அதன் இரண்டாம் அதிகரணத்தில், படைக்கலச்சாலைத் தலைவனைப் பற்றிய பதினெட்டாம் அத்தியாயத்தில், வில் செய்தற்குரிய பொருள்களாகப் பனை, சாபம், மரம், கொம்பு ஆகிய நான்கும் சொல்லப்படுகின்றன. இங்குச் சாபம் என்பது ஒருவகை மூங்கில் என விளக்கப்படுகிறது. புறநானூற்றின் 14ஆம் பாடலில் சாபம் என்னும் சொல் வில்லையே குறித்து வருவதை நாம் அறிவோம். மூலப்பொருளின் பெயர் முடிந்த பொருளுக்கு ஆகிவந்ததற்கு இது மற்றொரு சான்றாகலாம். நான்கனுள் முதலில் சொல்லப்படும் பனையும் சிந்தனைக்குரியது. வில்லைப் பொறியாகவும் பனம்பூவை மாலையாகவும் கொண்டவர் சேரர். இவ்விரண்டையும் நேரே தொடர்புபடுத்தச் சான்றில்லை. எனினும் பனை வில்லுக்குரிய பொருள் என்பதை அறிந்தபின் அவ்விரு அடையாளங்களும் முன்போல் ஒன்றற்கொன்று தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

3. நாணுக்குரிய நார்

அதே அத்தியாயம் நாணுக்கு ஆறு பொருள்களைச் சொல்கிறது. மூர்வை, எருக்கு, சணப்பு, கவேது என்னும் புல்வகை, மூங்கில், நரம்பு என்பன அவை. மூங்கிலைச் சீவிய பட்டையை நாணாகப் பூட்டும் வழக்கம் பீலர் முதலிய பழங்குடியினரிடையே அண்மைக்காலம் வரை நிலவியது என்பதை நோக்க, அர்த்தசாஸ்திரப் பட்டியல் ஏட்டறிவன்று என்பது தெளிவாகும். மூர்வை எச்செடி என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குச் சொல்லப்படும் செடிகளுள் ஒன்று நம் மரல். ஆங்கிலத் தாவரநூல்கள் மரலை "வில்நாண் சணல்" எனப் பொருள்படும் பெயராலேயே குறிக்கின்றன. இதன் தடித்த மடலைச் சுரண்டிச் சதையை நீக்கி, வெண்ணாரை அலசி உலர்த்தித் திரித்தால் உறுதியான கயிறு கிடைக்கும்.

சங்கப் பாடல்களில் மரல் வறண்ட நிலத்தின் அடையாளமாகப் பன்முறை வருகிறது. ஆயினும் அதன் நாரின் பயனை மிகத் தெளிவாகக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையாகும். ஆயன் ஒருவன் உள்ளே துளையுடைய குமிழின் கொம்பை வளைத்து, மரல்நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கும் காட்சி அந்நூலில் இடம்பெறுகிறது. கொம்பு, நார், வளைவு, கட்டு என அங்கே வில்லுக்குரிய உறுப்புகள் யாவும் உள்ளன. அம்பு மட்டுமே இல்லை. யாழின் தோற்றத்தை விளக்க இக்காட்சி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. வில்லின் ஆக்கத்தை விளக்கவும் இது பயன்படும் என்பது கவனிக்கப்படவில்லை. அம்பு பூட்டுதல், மாலை கட்டுதல், யாழ்நரம்பு கட்டுதல், செய்யுள் யாத்தல் ஆகிய அனைத்திற்கும் தொடை, தொடுத்தல் என்னும் சொற்களே உரியனவாக இருப்பதும் இங்கு எண்ணத்தக்கது.

4. வேட்டுவச் சிறாரின் வில்

இனி, ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 324ஆம் பாடலுக்கு வருவோம். புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்துள்ளமையால் இப்பாடலுக்கு அவ்வுரையின் துணை இல்லை. பொருட்பெயர்கள் செறிந்த இதன் முற்பகுதி விரைந்து கடக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பாடலின் முற்பகுதி வருமாறு பொருள்படும். காட்டுப்பூனைக் கடுவனைப் போன்ற வெருண்ட பார்வையும், பறவையூன் தின்று புலால் நாறும் வாயும் உடைய வேட்டுவச் சிறுவர், உடைமரத்தின் துளையுள்ள வெண்முள்ளை ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் செருகி அம்பாக்குகின்றனர். வளாரால் ஆன வில்லை நன்கு வளைத்து, பருத்திவேலியிலுள்ள எலியைக் குறிபார்க்கின்றனர்.

இதில் வரும் ஒவ்வொரு பொருளும் தேர்ந்து கொள்ளப்பட்டது. முள்ளின் அடியில் துளை இருப்பதால் தண்டின் நுனி அதனுள் சென்று பொருந்துகிறது. கட்டுவதற்கு நாரோ ஒட்டுவதற்கு அரக்கோ வேண்டுவதில்லை. புல்தண்டு இலேசானது, முள் அதனினும் செறிவுடையது. இதனால் அம்பின் எடை முன்புறம் சாய்கிறது; முன்புறம் கனத்த அம்பே நேராகச் செல்லும். வளார் என்பது இளங்கொம்பு. அதனைப் பிளக்க வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பில் நார் அறுபடாமல் ஓடுவதால், முன்னர்க் கண்ட முதல் விதி இயல்பாகவே காக்கப்படுகிறது. இரும்பு இல்லாத, பொருட்செலவு இல்லாத, முற்றிலும் காட்டுப்பொருள்களால் ஆன ஒரு வேட்டைக்கருவியின் செய்முறை இது. எலியை வீழ்த்துவதற்கு வேண்டிய வலிமைக்கு அது போதுமானது.

புலவர் இவ்வில்லுக்குத் தரும் அடைமொழி இன்னும் கருதத்தக்கது. அவர் அதனை வல்வில் என்கிறார். கொல்லிமலைத் தலைவன் ஓரிக்கு உரிய அடைமொழியும் அதுவே. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஓரம்பால் வீழ்த்திய ஒருவனை வன்பரணர் 152ஆம் பாடலில் பாடுகிறார். அவ்வில்லாளியே ஓரி. அவ்வில்லுக்குத் தரும் பெருமையை எலிவேட்டையாடும் சிறுவரின் வளார்வில்லுக்கும் ஒரு புலவர் தருகிறார் எனின், அதை எள்ளலாகக் கொள்ளலாமா? பாடலில் எள்ளலுக்குரிய குறிப்பு வேறெதுவும் இல்லை. தன் இலக்குக்கு ஏற்ற வன்மை உடையது வல்வில் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

சொல்முறையும் நோக்கத்தக்கது. முள், தண்டு, அம்பு, வில், வளைத்தல், பார்த்தல் என அம்பின் நுனியிலிருந்து கைக்கும், கையிலிருந்து கண்ணுக்கும் பாடல் பின்னோக்கி நகர்கிறது. எய்தல் சொல்லப்படவில்லை. வளைந்த வில்லோடும் நிலைத்த பார்வையோடும் காட்சி நின்றுவிடுகிறது. அந்த மாணவர் கேட்டது போல் நாணும் சொல்லப்படவில்லை. இத்தனை நுட்பமாகப் பொருள்களை எண்ணிய புலவர், வளைவைத் தாங்கி நிற்கும் உறுப்பை மட்டும் ஏன் விடுத்தார்?

பாடலின் பிற்பகுதி புன்புலம் சூழ்ந்த சிற்றூரைக் காட்டுகிறது. குமிழங்கனி தின்ற வெள்ளாடுகள் உமிழ்ந்த வெண்விதைகள் பரந்த பந்தர். இடையன் மூட்டிய சிறுதீயின் வெளிச்சம். அதில் பாணரோடு அமர்ந்திருக்கும் தலைவன். அவன் நாண் உடையவன் எனப் புலவர் குறிக்கிறார். வேந்தன் மாயுமிடத்துத் தானும் மாயும் நெஞ்சறிந்த துணைவன் என்று பாடல் முடிகிறது. வில்லில் சொல்லப்படாத சொல் மனிதனின் பண்பாக இங்கே வந்து சேர்கிறது.

வளைந்த கோலை வளைவிலேயே நிறுத்துவது நாண். அது இல்லையேல் வில் வெறுங்கோல். அது அறுந்த கணமே கோல் நிமிர்ந்து தன் இயல்புக்குத் திரும்பிவிடும். தலைவனை வேந்தனோடு பிணித்து நிறுத்துவதும் அத்தகைய ஒன்றே. போரில்லாத மாலைப்பொழுதில், சிறுதீயின் அருகே, ஆரவாரமின்றி அமர்ந்திருக்கும் அவனுக்குள் அப்பிணிப்பு எப்பொழுதும் இறுகியே உள்ளது. எய்யாது குறிபார்த்து நிற்கும் வில்லும் இறக்கும் நாளுக்கு முன்னரே இறப்பை ஏற்றுக்கொண்ட தலைவனும் ஒரே நிலையில் நிற்பவர்கள். முற்பகுதி நிலப்பின்னணி, பிற்பகுதி பாட்டுடைப்பொருள் எனப் பிரித்துக் காணும் முறை இவ்வொற்றுமையைக் காணத் தவறிவிடுகிறது.

5. எழக்கூடிய ஒரு தடை

இவ்விளக்கத்திற்கு ஒரு தடை எழக்கூடும். கயிற்றைக் குறிக்கும் சொல் ஞாண் என்றும் வழங்குவது. புறநானூற்றின் 14ஆம் பாடலில் அவ்வடிவமே வருகிறது. மலையாளத்தில் இன்றும் விற்கயிறு ஞாண் எனவும் வெட்கம் நாணம் எனவும் வேறுபட்டே வழங்குகின்றன. எனவே வேறுவேறு மூலத்தையுடைய இருசொற்களை, பிற்கால ஒலியொப்புமை கொண்டு இணைப்பது முறையாகுமா? இத்தடை வலியுடையது. ஆலத்தூர் கிழார் இங்குச் சிலேடை அமைத்தார் என்று துணிந்து கூற இயலாது.

எனினும் மேற்கண்ட விளக்கம் சிலேடையை மட்டும் சார்ந்து நிற்கவில்லை. முள், தண்டு, வளார் என மூன்றையும் பெயர்சொல்லி எண்ணிய புலவர் நான்காவதைச் சொல்லாது விடுத்தார் என்பது பாடலில் உள்ள செய்தி. வளைவு நிலைபெற்றிருக்கக் கயிறு இருந்தே ஆகவேண்டும் என்பது தொழில் தரும் செய்தி. பாடலின் இறுதி கண்ணுக்குப் புலனாகாத பிணிப்பு ஒன்றைப் பற்றியது என்பதும் மறுக்கவியலாதது. ஒலியொப்புமை இவற்றுக்குத் துணைசெய்யுமாயின் கொள்ளலாம். செய்யாவிடினும் விளக்கம் கெடாது.

6. திறனாய்வும் கைவினையறிவும்

இச்சிறுவரின் வெருண்ட பார்வையையும் புலால் நாறும் வாயையும் எடுத்துக்காட்டி, வேட்டுவரின் நாகரிகமற்ற வாழ்வுக்குச் சான்று கூறுவது எளிது. பாலைப் பாடல்களின் எயினரையும் மறவரையும் வழிப்பறியாளராக மட்டுமே காணும் போக்கும் இதனோடு உறவுடையது. ஆனால் அதே வாய்க்குரிய சிறுவர்தாம் எம்மரத்தின் முள்ளில் துளை உண்டு என்பதையும், எப்புல்லின் தண்டு அதில் பொருந்தும் என்பதையும், எக்கொம்பு முறியாமல் வளையும் என்பதையும் அறிந்தவர்கள். புலவர் இரண்டையும் ஒருங்கே சொல்கிறார். நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டோம்.

இது பழங்காலத்தோடு முடிந்த செய்தியன்று. வயநாட்டுக் குறிச்சியர் வில்லாண்மைக்குப் பெயர்பெற்றவர்கள். பழசி ராஜாவின் போராட்டத்தில், 1802 அக்டோபரில் பனமரத்திலிருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய படையில் தலக்கல் சந்துவின் தலைமையிலான குறிச்சிய வில்லாளிகள் இருந்தனர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. காட்டுயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமுமில்லை. ஆயின் வேட்டை நின்றதோடு வில்லைப் பற்றிய அறிவும் நிற்க வேண்டும் என்பதில்லை. சடங்குகளிலும் போட்டிகளிலும் அவ்வறிவு இன்றும் எஞ்சியுள்ளது. அதனை உடையவர்களின் பெயரர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் நாம் சொற்பொருள் கூறுகிறோம். அவர்களிடமிருந்து பொருளைக் கேட்டறிவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. தொல்காப்பியர் கூறும் புறக்காழ், அகக்காழ்ப் பகுப்பு வில் முதலிய கருவிகளைச் செய்வோரின் அறிவோடு நெருங்கிப் பொருந்துகிறது. சிலை, சாபம் ஆகிய விற்பெயர்களுக்குள் மூலப்பொருள்களின் பெயர்கள் அடங்கியுள்ளன. நிகண்டுமரபு அவ்வேறுபாட்டை மறைத்தது. புறநானூற்று 324ஆம் பாடலின் வேட்டுவச் சிறார் காட்சி நிலப்பின்னணி மட்டுமன்று; சொல்லாது விடப்பட்ட நாணின் வழியே பாட்டுடைத் தலைவனின் பிணிப்போடு இயைவது.

அகராதியில் வில் என்று ஒரே சொல்லால் பொருளெழுதி முடிக்கும் இடங்களில் "எதனால் செய்த வில்?" என்னும் வினாவை இனி நாம் எழுப்புதல் வேண்டும். சென்ற ஆண்டு முதல் நான் இப்பாடலை நடத்தும்போது முள்ளிலிருந்தே தொடங்குகிறேன். நாணுக்கு வரும்போது நிறுத்தி, மாணவரிடமே அவ்வினாவைக் கேட்கிறேன்.